சாவ் மிகேல் கற்கோயில்: கைவிட்டுப் போனது யார்?

பிரேசிலின் தென்கோடியில், புல்வெளி நடுவே கூரையில்லாமல் நிற்கும் ஒரு செந்நிறக் கற்கோயிலின் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார்: அது யார் கட்டிய கோயில், எப்போது கட்டியது, இவ்வளவு பாடுபட்டுக் கட்டிவிட்டு ஏன் அப்படியே கைவிட்டுப் போனார்கள்?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சுருக்கமானது. அது சாவ் மிகேல், அதாவது அதிதூதர் மிக்கேலின் பெயரில் அமைந்த கோயில். ரியோ கிராந்தே தோ சுல் மாநிலத்தின் வடமேற்கில், சாவ் மிகேல் தாஸ் மிசோயிஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மேற்பார்வையில், அந்த மண்ணின் பழங்குடிகளான குவாரானி மக்கள் 1735-ல் கட்டத் தொடங்கி, ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் முடித்தார்கள். மூன்றாவது கேள்விதான் சிக்கலானது. "கைவிட்டுப் போனார்கள்" என்ற சொல்லே இங்கே பொருந்தாது. அந்த ஊர்க்காரர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் கைவிட மறுத்து, ஆயிரத்துக்கும் மேல் செத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்ல வேண்டும்.

சேசு சபையினர் குவாரானி மக்களிடையே ஊர்களை அமைக்கத் தொடங்கியது 1609, 1610 வாக்கில். காட்டில் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்ந்தவர்களை ஓரிடத்தில் திரட்டிக் குடியேற்றியதால் அந்த ஊர்களை ஸ்பானிய மொழியில் 'ரெதுக்சியோன்' என்றார்கள். குவாரானி மக்கள் ஏன் சம்மதித்தார்கள்? பக்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு பக்கம் ஸ்பானியக் குடியேறிகள் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். இன்னொரு பக்கம் சாவ் பாவுலோ ஊரிலிருந்து பந்தெய்ராந்திகள் என்ற அடிமை வேட்டைக் கூட்டம் படையாகத் திரண்டு வந்து, ஊர் ஊராகச் சூறையாடி ஆட்களைச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போனது. துறவிகளின் ஊருக்குள் போனால் ஸ்பானிய அரசரின் நேரடிக் குடிகள் என்ற பாதுகாப்பாவது உண்டு. இரண்டு தீமைகளுக்கு நடுவே, பேரம் பேச இடமிருந்த ஒரே இடம் அதுதான்.

அந்தப் பாதுகாப்பும் முதலில் ஏட்டளவில்தான் இருந்தது. 1628 முதல் பந்தெய்ராந்திகள் குவாய்ரா பகுதி ஊர்களை அழிக்க ஆரம்பித்தபோது, அந்தோனியோ ருயிஸ் தெ மோந்தோயா என்ற துறவி 1631-ல் ஏறத்தாழ 12,000 பேரை 700 தெப்பங்களில் ஏற்றிக்கொண்டு பரானா ஆற்றில் தெற்கே இறங்கினார். நடுவில் குவாய்ராப் பேரருவி. அந்த இடத்தைக் காட்டுக்குள் நடந்தே கடந்தார்கள். நோயிலும் பசியிலும் இறந்தவர்கள் ஏராளம். (அந்த அருவியை இன்று பார்க்க முடியாது. 1982-ல் இத்தைப்பு அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது.) அப்புறம் குவாரானிகள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அரசரிடம் அனுமதி வாங்கினார்கள். 1641-ல் ம்போரொரே என்ற இடத்தில், பெருமூங்கிலைத் தோலால் சுற்றிச் செய்த பீரங்கிகள் வரை கொண்டுவந்து பந்தெய்ராந்திகளைப் புரட்டி எடுத்தார்கள். அதோடு பெரும் படையெடுப்புகள் நின்றன.

சாவ் மிகேல் ஊரும் இந்த ஓட்டத்தில் சிக்கிய ஊர்தான். முதலில் 1632-ல் வேறோர் இடத்தில் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே தாக்குதலுக்கு அஞ்சி உருகுவாய் ஆற்றைத் தாண்டி மேற்கே போனார்கள். அரை நூற்றாண்டு அங்கே இருந்துவிட்டு, 1687-ல் மறுபடி ஆற்றுக்குக் கிழக்கே வந்து இப்போதுள்ள இடத்தில் ஊன்றினார்கள். இப்படிக் கிழக்குக் கரையில் அமைந்த ஊர்கள் ஏழு. ஆற்றின் இரு பக்கமும் சேர்த்து மொத்தம் முப்பது ஊர்கள். இன்றைய எல்லைப்படி அவை பிரேசில், அர்ஜென்டினா, பராகுவாய் என்று மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன.

ஊர் எப்படி இருந்தது? நடுவில் பெரிய சதுக்கம். அதன் ஒரு பக்கம் முழுக்கக் கோயிலுக்கு. கோயிலை ஒட்டி ஒருபுறம் கல்லறைத் தோட்டம், மறுபுறம் துறவிகளின் வீடு, பள்ளி, பட்டறைகள், பின்னால் பழத்தோட்டம். மற்ற மூன்று பக்கங்களிலும் நீண்ட தாழ்வாரம் வைத்த வீட்டு வரிசைகள். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் 'கொத்திகுவாசு' என்று தனிக் கட்டடம். நிலம் இரண்டு வகை: குடும்பத்துக்கென்று ஒதுக்கியது 'அபம்பாயே', மனிதனுடையது. எல்லோரும் சேர்ந்து உழைத்தது 'துப்பம்பாயே', கடவுளுடையது. வயலுக்குப் போகும்போது புனிதரின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, மேளதாளத்தோடு போனார்கள். நம்மூர்ச் சப்பரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் விநோதமாகத் தெரியாது.

ஒரு ஊரில் நாலாயிரம், ஐயாயிரம் பேர். துறவிகள் பெரும்பாலும் இரண்டே பேர். அன்றாட நிர்வாகத்தைக் 'கபில்தோ' என்ற ஊர்ச்சபை பார்த்துக்கொண்டது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் குவாரானிகள். ஆக, இரண்டு பாதிரியார்கள் வந்து ஒரு கோயிலைக் கட்டினார்கள் என்று வழிகாட்டிப் பலகைகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக இது ஒரு காட்டுச் சொர்க்கம் என்று எழுதுபவர்களையும் நான் நம்புவதில்லை. தப்பு செய்தால் சாட்டையடி உண்டு. விடிந்தது முதல் அடைந்தது வரை எல்லாம் மணியடித்துத்தான். பழைய குருக்களான ஷாமன்களை ஊருக்குள் வைக்கவில்லை. நெருக்கமாகக் குடியிருந்ததால் அம்மையும் தட்டம்மையும் வந்தால் ஊரையே வாரிக்கொண்டு போகும்.

இனி கட்டடம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வரைபடம் போட்டவர் மிலானைச் சேர்ந்த ஜான் பத்திஸ்தா பிரிமோலி. குருப்பட்டம் பெறாத சேசு சபைச் சகோதரர், கட்டடக் கலைஞர். புவனோஸ் ஐரஸிலும் கொர்தோபாவிலும் கட்டிப் பழகிய கை. சாவ் மிகேலின் முகப்பில் ரோமாபுரியில் உள்ள சேசு சபையின் தாய்க்கோயிலான ஜெசுவின் சாயல் இருப்பதை எல்லோரும் சுட்டிக்காட்டுவார்கள். உள்ளே வளைவுகளால் பிரித்த மூன்று பத்திகள், ஒரு பக்கம் மணிக்கூண்டு. இதுவரை சரி. ஆனால் ரோமில் இருந்த ஒன்று இங்கே இல்லை: சுண்ணாம்பு.

அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் கிடைக்காது. சுண்ணாம்பு இல்லையென்றால் சாந்து இல்லை, சாந்து இல்லையென்றால் கல்லால் குவிமாடம் போடுவதும் கல்வளைவுக் கூரை போடுவதும் பெரிய ஆபத்து. அதனால் ஒரு சமரசம் செய்தார்கள். சுவர் கல், கூரை மரமும் ஓடும். மணற்கல்லைப் பெரிய பெரிய பாளங்களாக வெட்டி, முகங்களைத் துல்லியமாகச் செதுக்கி, இடையில் வெறும் களிமண்ணை மெத்தைபோல் பரப்பி அடுக்கினார்கள். கல்லின் எடையே கல்லைப் பிடித்துக்கொள்ளும். கிட்டே போய்ப் பார்த்தால் இது தெரியும். சுவரின் இணைப்புகளில் பல இடங்களில் கத்தி முனை நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. களிமண் கரைந்து போன இடங்களில் மட்டும் விரல் நுழைகிறது, உள்ளே பல்லி ஓடுகிறது. கல்லின் மேல் உளி விழுந்த கோடுகள் இன்னும் சாய்வாக, வரிசையாக இருக்கின்றன. இடது கையால் கொத்தியவர் எந்தக் கல்லைக் கொத்தினார் என்றுகூடக் கண்டுபிடித்துவிடலாம் போல, கோடுகளின் சாய்வு சில கற்களில் மாறி விழுந்திருக்கிறது. (இது என் ஊகம்தான், எந்த ஆய்வாளரும் சொன்னதல்ல.)

அடித்தளத்துக்கும் பிற இடங்களுக்கும் இன்னொரு கல்லையும் பயன்படுத்தினார்கள். குவாரானியில் 'இத்தகுரு'. 'இத்தா' என்றால் கல். இரும்புச்சத்து நிறைந்து, துளைத்துளையாக இருக்கும். நம் பக்கத்துச் செம்புறாங்கல்லின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தோன் செப் என்ற திரோல் நாட்டுத் துறவி, இந்தக் கல்லை உலையில் உருக்கி இரும்பே எடுத்தார். சாவ் மிகேலில் கூட்டம் தாங்காமல் போனபோது, 1697-ல் ஒரு பகுதியினரை அழைத்துப் போய் சாவ் ஜுவாவ் பத்திஸ்தா என்ற பக்கத்து ஊரை உருவாக்கியவரும் அவர்தான். பெரிய இசைக்காரர். அவர் காலத்தில் இந்த ஊர்ப் பட்டறைகளில் யாழும் குழலும் ஆர்கனும் செய்தார்கள்.

இன்னொன்று. படத்தில் நாம் பார்த்து மயங்குகிற அந்தச் செந்நிறம், கட்டியவர்கள் பார்த்த நிறம் கிடையாது. கோயிலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சுண்ணாம்பு இல்லாத ஊரில் வெள்ளைக்கு எங்கே போவது? 'தபத்திங்கா' என்ற வெண்களிமண்ணைக் கரைத்துப் பூசினார்கள். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, உள்ளே பொன்பூச்சு வைத்த மரப் பீடங்கள், வண்ணம் தீட்டிய சுரூபங்கள் என்று கற்பனை செய்துகொண்டால் அன்றைய சாவ் மிகேல் கிடைக்கும்.

இவ்வளவையும் எந்த நிலைமையில் கட்டினார்கள் என்பதைப் பார்த்தால்தான் மலைப்பு. முப்பது ஊர்களின் மக்கள்தொகை 1732-ல் ஏறத்தாழ 1,41,000. கொள்ளை நோய்களும் பஞ்சமும் அடுத்தடுத்து வந்து, 1740-ல் அது ஏறத்தாழ 74,000 ஆகிவிட்டது. எட்டே ஆண்டுகளில் பாதி. அந்த எட்டு ஆண்டுகளுக்கு நடுவில்தான் 1735 வருகிறது. அதாவது ஒரு பக்கம் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டு, மறுபக்கம் கோயிலுக்குக் கல் வெட்டியிருக்கிறார்கள். ஏன்? நேர்த்திக்கடனா, துறவிகளின் பிடிவாதமா, வேலை நின்றால் ஊரே கலைந்துவிடும் என்ற பயமா, எல்லாமும் சேர்ந்திருக்கலாம்.

சரி, இப்போது ஐரோப்பாவுக்கு வருவோம்.

லா பிளாத்தா முகத்துவாரத்தில், புவனோஸ் ஐரஸுக்கு நேர் எதிர்க்கரையில், 1680-ல் போர்ச்சுகீசியர்கள் கொலோனியா தோ சாக்ரமெந்தோ என்ற கோட்டை ஊரை நிறுவினார்கள். ஸ்பானிய வெள்ளி அந்த வழியாகக் கள்ளத்தனமாக வெளியே போனது. ஸ்பெயினுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். அதைப் பிடுங்க ஸ்பெயின் 1680-லும் 1705-லும் அனுப்பிய படைகளில் ஆயிரக்கணக்கில் போனது யார்? இதே குவாரானிகள். தங்கள் அரசருக்காக, கூலியில்லாமல், தங்கள் குதிரையில், தங்கள் சாப்பாட்டில்.

1750 ஜனவரி 13 அன்று மாட்ரிட்டில் இரு அரசுகளும் ஒரு உடன்படிக்கை போட்டன. கொலோனியாவைப் போர்ச்சுகல் விட்டுக்கொடுக்கும். அதற்குப் பதிலாக, உருகுவாய் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள ஏழு ஊர்களை ஸ்பெயின் விட்டுக்கொடுக்கும். பதினாறாவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? துறவிகள் அசையும் பொருட்களை எடுத்துக்கொண்டு, மக்களையும் அழைத்துக்கொண்டு ஸ்பானிய எல்லைக்குள் போய்விட வேண்டும். கோயில்கள், வீடுகள், கட்டடங்கள், நிலம் எல்லாம் போர்ச்சுகலுக்கு. ஏறத்தாழ 30,000 பேர். கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆன கோயில். எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போய்ச் செத்தார்களோ அதே கோட்டைக்கு விலையாக அவர்களுடைய ஊரையே கொடுத்தார்கள். நான் படித்த எல்லை ஒப்பந்தங்களில் இவ்வளவு கூச்சமில்லாத பிரிவு வேறு ஒன்று நினைவுக்கு வரவில்லை.

சேசு சபைத் தலைமை என்ன செய்தது? கீழ்ப்படியச் சொன்னது. லோப்பே லூயிஸ் அல்தமிரானோ என்ற துறவியைத் தனி ஆணையராக அனுப்பி, ஊர்களைக் காலி செய்ய வைக்கச் சொன்னது. மக்கள் முதலில் நம்பவே இல்லை. அரசர் இப்படிச் செய்ய மாட்டார், நடுவில் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றார்கள். 1753-ல் ஊர்ச்சபைகள் புவனோஸ் ஐரஸ் ஆளுநர் ஆந்தோநாயெகிக்குக் குவாரானி மொழியிலேயே கடிதங்கள் எழுதின. அவை இன்றும் இருக்கின்றன. சாரம் இதுதான்: இந்த மண்ணைக் கடவுள் எங்களுக்குக் கொடுத்தார். இந்த ஊரையும் கோயிலையும் எங்கள் கையால் கட்டினோம், போர்ச்சுகீசியர் வந்து ஒரு கல்கூடத் தூக்கித் தரவில்லை. பிறகு எதற்காக அவர்களுக்கு? இப்படி எழுதத் தெரிந்திருந்ததே ஒரு செய்தி. அந்த ஊர்களில் 1705-லேயே அச்சுக்கூடம் நடத்திக் குவாரானியில் புத்தகம் போட்டிருந்தார்கள். 1578-ல் கொல்லத்தில் தமிழை அச்சேற்றிய அதே சபை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். ஊர் மொழியைப் படித்து, இலக்கணம் எழுதி, அந்த மொழியிலேயே பேசுவது அவர்களின் வழக்கம். மிலான்காரர் பிரிமோலி தென் அமெரிக்காவில் கல் அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில்தான், அதே வட இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் நம் பக்கத்தில் தமிழ்க் காப்பியம் எழுதிக்கொண்டிருந்தார்.

1753 பிப்ரவரியில் எல்லை அளக்க வந்த குழுவைச் சாந்தா தெக்லா என்ற இடத்தில் ஒரு குதிரைப்படை மறித்தது. அது சாவ் மிகேல் ஊரின் மாட்டுப் பண்ணையைச் சேர்ந்த இடம், ஊரிலிருந்து பல நாள் பயணத் தொலைவு. அவ்வளவு பெரிய மேய்ச்சல் நிலம் அந்த ஒரே ஊருக்கு இருந்தது. மறித்தவர்களின் பெயர் பெற்ற தலைவர் செப்பே தியராஜு, சாவ் மிகேல் ஊர்ச்சபையைச் சேர்ந்தவர். "இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர் உண்டு" என்று அவர் சொன்னதாக மரபு. தென் பிரேசிலில் இன்றும் சுவரெழுத்துகளிலும் சட்டைகளிலும் பார்க்கக்கூடிய வாசகம் இது.

1754-ல் முதல் படையெடுப்பு பிசுபிசுத்தது. ஜாகுயி ஆற்று வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட போர்ச்சுகீசியத் தளபதி கோமிஸ் ஃப்ரெய்ரி, குவாரானித் தலைவர்களோடு போர்நிறுத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை இரு நாட்டுப் படைகளும் சேர்ந்து வந்தன. 1756 பிப்ரவரி 7 அன்று ஒரு சிறு மோதலில் செப்பே விழுந்தார். போர்ச்சுகீசிய வீரன் ஒருவனின் ஈட்டி குத்திச் சாய்த்தது, மொந்தெவிதேயோ ஆளுநர் வியானா துப்பாக்கியால் சுட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஒரு போர்ச்சுகீசியர், ஒரு ஸ்பானியர். உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்பும் அங்கேயும் ஆளுக்கொரு கை வைத்திருக்கிறது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 10 அன்று, காய்போவாத்தே மேட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நடந்த சண்டையில் ஏறத்தாழ 1,500 குவாரானிகள் கொல்லப்பட்டார்கள். எதிர்த்தரப்பில் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைப் போர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மே மாதம் படை சாவ் மிகேலுக்குள் நுழைந்தது. ஊரைவிட்டுப் போன மக்கள் தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கோயிலும் தீக்குத் தப்பவில்லை.

இங்கே ஒரு கேவலமான திருப்பம். இவ்வளவுக்கும் பிறகு, அந்தப் பரிமாற்றம் நடக்கவே இல்லை. போர்ச்சுகல் கொலோனியாவைக் கொடுக்காமல் இழுத்தடித்தது, ஏழு ஊர்களையும் முறைப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. 1761 பிப்ரவரியில் எல் பார்தோ உடன்படிக்கையில், போன உடன்படிக்கை செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். குவாரானிகள் திரும்பி வந்தார்கள். எரிந்ததைச் சரிசெய்து குடியேறினார்கள். ஆக, படத்தில் காணும் இடிபாட்டுக்கு 1756-ன் தீ மட்டும் காரணம் இல்லை. அதற்குப் பின்னும் அந்தக் கோயிலில் மணி அடித்தது, பூசை நடந்தது.

அடுத்த அடி துறவிகள் மேல் விழுந்தது. காட்டுக்குள் சேசு சபையினர் தனி ராஜ்யம் நடத்துகிறார்கள், 'முதலாம் நிக்கோலாஸ்' என்று ஒரு அரசனுக்கு முடிசூட்டிவிட்டார்கள் என்றெல்லாம் ஐரோப்பாவில் துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. நிக்கோலாஸ் நியேங்கிரு என்ற ஊர்ச்சபைத் தலைவர் ஒருவர் இருந்தது மட்டும் உண்மை, முடி கிரீடம் எல்லாம் கட்டுக்கதை. போர்ச்சுகல் 1759-ல் சபையைத் தன் நாடுகளிலிருந்து துரத்தியது. ஸ்பெயின் 1767-ல் ஆணையிட்டு, மறு ஆண்டு இந்த முப்பது ஊர்களிலிருந்தும் துறவிகளை வெளியேற்றியது. 1773-ல் திருத்தந்தை பதினான்காம் கிளெமெந்து சபையையே கலைத்துவிட்டார். நம்மூர் மதுரை மிஷன் அநாதையானதும் இதே அலையில்தான். கோவாவில் போர்ச்சுகல் சேசு சபையினரைக் கைது செய்தது, எஞ்சியிருந்த ஊழியம் பின்னர் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக் குருக்கள் கைக்குப் போனது. 1830-களின் கடைசியில்தான் சேசு சபையினர் மதுரைக்குத் திரும்பினார்கள். இங்கே உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும் கோயில்களை இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கே அப்படி விடவில்லை.

துறவிகள் போன இடத்தில் அரசு நிர்வாகிகள் வந்தார்கள். ஊர்ப் பொதுச் சொத்தான மாடுகள், தேநீர் போலக் குடிக்கும் மாட்டே இலையின் தோட்டங்கள், பஞ்சு எல்லாம் கரைந்தன. பிடிக்காத குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறிப் பண்ணைக் கூலிகளாகவும் மாட்டுக்காரர்களாகவும் ஆயின. 1801-ல் போர்ச்சுகல் தரப்பின் ஒரு சிறு கூட்டம் வந்து ஏழு ஊர்களையும் அதிகச் சிரமமில்லாமல் பிடித்துக்கொண்டது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இரண்டு பேரரசுகள் சேர்ந்து, இரண்டு முறை படையெடுத்துச் செய்ததை இவர்கள் சில வாரங்களில் செய்தார்கள் என்றால், ஊர்களில் அதற்குள் எவ்வளவு உயிர் மிச்சமிருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1828-ல் உருகுவாய்த் தளபதி ஃப்ருத்துவோசோ ரிவேரா வந்து, எஞ்சிய குவாரானிகளில் ஆயிரக்கணக்கானவர்களையும் மாடுகளையும் கோயில் சொத்துகளையும் அள்ளிக்கொண்டு தெற்கே போனார். அதற்குப் பிறகு சாவ் மிகேலில் பேருக்குச் சிலரே மிஞ்சினார்கள்.

இனிமேல் நடந்தது கட்டட விஷயம். களிமண் இணைப்பு என்று சொன்னேன் அல்லவா? கூரை இருக்கும்வரை அதற்கு எந்தக் குறையும் இல்லை. கூரையைப் பழுதுபார்க்க ஆள் இல்லாமல் போனதும், ஆண்டு முழுதும் பரவலாக மழை பெய்யும் அந்த ஊரில், சுவரின் தலையில் விழும் தண்ணீர் நேரே சுவரின் வயிற்றுக்குள் இறங்கியது. களிமண் கரைந்து வழிந்தது. கரைந்த இடுக்கில் பறவைகள் போட்ட விதை முளைத்தது. நம் கோபுரங்களில் அரசங்கன்று முளைத்தால் என்ன ஆகும் என்று தெரியும்தானே, அதேதான். வேர் தடிக்கத் தடிக்கக் கல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. முகப்புக்கு முன்னால் இருந்த முன்மண்டபம் விழுந்தது. மணிக்கூண்டு சாய்ந்தது. மிச்சத்தை மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள். செதுக்கித் தயாராக இருந்த கல்லைப் புதுக்குடியேறிகள் வீட்டு அடித்தளத்துக்கு ஏற்றிப் போனார்கள். துறவிகள் தங்கம் புதைத்துவிட்டுப் போனதாக ஒரு கதை ஊரில் உலவியது. ஆள் ஆளுக்குத் தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். தங்கம் கிடைத்ததாகத் தகவல் இல்லை, குழிகள்தான் மிச்சம்.

1920-களின் நடுவில் மாநில அரசு முதன்முறையாகக் காட்டை வெட்டிச் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்தது. 1937-ல் பிரேசில் தேசிய மரபுரிமைத் துறையை அமைத்ததும், கட்டடக் கலைஞர் லூசியோ கோஸ்தாவை அனுப்பி ஏழு ஊர்களையும் பார்க்கச் சொன்னார்கள். பின்னாளில் பிரசீலியா நகரத்தைத் திட்டமிட்டவர் இவர். மறு ஆண்டு சாவ் மிகேல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. சாய்ந்த மணிக்கூண்டைக் கல் கல்லாகப் பிரித்து இறக்கி, திரும்ப அதே வரிசையில் ஏற்றிக் கட்டினார் லூகாஸ் மாயெர்ஹோஃபர். ஆனால் கோயிலுக்குக் கூரை போடவில்லை. போடவும் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன். எந்தக் காலத்துக் கூரையைப் போடுவது? எரிவதற்கு முந்தியதையா, எரிந்த பின் சரிசெய்ததையா?

1983-ல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவின் நான்கு ஊர்கள் அதோடு சேர்ந்தன. பராகுவாயில் உள்ள திரினிதாத், ஜெசூஸ் என்ற இரண்டு ஊர்கள் 1993-ல் தனியாக இடம்பெற்றன. நேரம் உள்ளவர்கள் ஜெசூஸையும் பார்க்க வேண்டும். அது இடிந்த கோயில் இல்லை, துறவிகளைத் துரத்தியபோது பாதியில் நின்ற கோயில். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கூரை போனதும் கூரை போடாததும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்பது புரியும்.

சாவ் மிகேலுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மாலையில் போங்கள், சாய்ந்த வெயிலில்தான் உளிக்கோடுகள் தெரியும். அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். கோயிலுக்கு எதிரே சதுக்கத்தின் ஓரத்தில், பழைய குவாரானி வீட்டு வரிசையின் வடிவத்தில், இடிபாட்டிலேயே கிடைத்த கற்களைக் கொண்டு லூசியோ கோஸ்தா வடிவமைத்தது, 1940-ல் திறந்தார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நூற்றுக்குச் சற்றுக் குறைவான மரச் சுரூபங்கள். ஆளுயரத்துக்கும் மேலானவை, கைக்குள் அடங்குபவை, மூக்கு உடைந்தவை, வண்ணம் உதிர்ந்தவை. சிலவற்றின் முகம் அச்சு அசல் குவாரானி முகம். பெரியவற்றின் முதுகுப் பக்கம் போய்ப் பாருங்கள், உள்ளே குடைந்து வெறுமையாக இருக்கும். எடை குறையவும் மரம் வெடிக்காமல் இருக்கவும் செய்தது. 2016 ஏப்ரலில் ஒரு சூறைக்காற்று அந்தக் கண்ணாடிகளை நொறுக்கியதில் சுரூபங்கள் சிலவும் அடிபட்டன, பிறகு செப்பனிட்டார்கள்.

அந்த அருங்காட்சியகத்தின் தாழ்வாரத்தில், கல் தூண்களுக்கு இடையே துணி விரித்து, குவாரானிகளில் ஒரு பிரிவான ம்பியா குவாரானிக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் கோயென்ஜு என்ற அவர்களுடைய ஊர் இருக்கிறது. கூடைகள், மணிமாலைகள், சூடு போட்டுப் புள்ளி வைத்த சின்ன மரச் சிறுத்தைகள் விற்பார்கள். கோயிலை அவர்கள் கோயில் என்றோ இடிபாடு என்றோ சொல்வதில்லை, 'தாவா' என்கிறார்கள். தங்கள் முன்னோர் கல்லில் அமைத்துவிட்டுப் போன ஊர் என்று பொருள். 2014-ல் பிரேசில் அரசின் மரபுரிமைத் துறையும் அந்தப் பெயரிலேயே அந்த இடத்தைக் குவாரானி மக்களின் பண்பாட்டு மரபாகத் தனியாகப் பதிவு செய்தது. சிறுத்தைகளில் நல்லது வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள்.